ஜப்பானைப் பாருங்கள் என்பவர்கள் காட்டாத பக்கம்

நடந்ததை மறந்துவிட்டு முன்னேறுங்கள், ஜப்பானைப் பாருங்கள் என்ற அறிவுரையை யுத்தம் முடிந்த நாளிலிருந்து நாம் கேட்டுவருகிறோம். தென்னிலங்கை அரசியல்வாதிகள் மட்டுமல்ல, நம்மவர்களில் சிலரும் இதைச் சொல்கிறார்கள். சரி, பார்ப்போம். ஆனால் முழுவதையும் பார்ப்போம் என்பதே எனது நிலைப்பாடு.

1603 முதல் ஜப்பானை ஆண்ட தொக்குகாவா ஆட்சியாளர்கள் 1630களில் நாட்டின் கதவுகளை அடைத்தார்கள். கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டது. வெளிநாடு சென்று திரும்பும் ஜப்பானியருக்கு மரணதண்டனை காத்திருந்தது. ஐரோப்பியர்களில் ஒல்லாந்தர் மட்டும், அதுவும் நாகசாக்கியின் டெஜிமா என்ற சிறு தீவில் இருந்தபடி வணிகம் செய்யலாம். உள்ளே 260க்கும் மேற்பட்ட சிற்றரசுகள். ஒருவர் சாமுராயா, விவசாயியா என்பதைப் பிறப்பே தீர்மானித்தது.

1853இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெரி நான்கு கப்பல்களுடன் வந்து, கதவைத் திறக்குமாறு மிரட்டினார். 1858இல் கையெழுத்தான ஒப்பந்தங்களின்படி, ஜப்பானில் குற்றமிழைக்கும் வெளிநாட்டவரை ஜப்பானிய நீதிமன்றம் விசாரிக்க முடியாது. சுங்கவரியைத் தீர்மானிக்கும் உரிமையும் பறிபோனது.

1868இல் பேரரசர் மெய்ஜியின் பெயரால் புதிய அரசு அமைந்தது. 1871இல் சிற்றரசுகள் ஒழிக்கப்பட்டன. 1872இல் கல்விச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் டோக்கியோவுக்கும் யொக்கோஹாமாவுக்கும் இடையே புகையிரதம் ஓடியது. உலகைக் கற்றுவர அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்பப்பட்ட இவாகுரா தூதுக்குழு, 1873இல் நாடு திரும்பும் வழியில் நமது காலித் துறைமுகத்திலும் தரித்துச் சென்றது. 1889இல் அரசியலமைப்பு பிரகடனம் செய்யப்பட்டது.

இந்த வேகத்துக்கு மறதி காரணமல்ல. ஊர்தோறும் எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்த பழைய பள்ளிகளும், ஒல்லாந்து நூல்கள் வழியாக வந்த அறிவும் ஏற்கனவே இருந்தன. அதைவிட முக்கியமாக, அந்த அநீதியான ஒப்பந்தங்களை ஜப்பானியர் ஒருநாளும் மறக்கவில்லை. வெளிநாட்டவரை விசாரிக்கும் உரிமையை 1899இலும், சுங்கவரி உரிமையை 1911இலும் முழுமையாக மீட்டார்கள். அரை நூற்றாண்டு கடந்தும் தமக்கு இழைக்கப்பட்டதை நினைவில் வைத்திருந்த ஒரு தேசத்தை மறதிக்கு உதாரணம் காட்டுவது எப்படி?

அடுத்த கேள்வி, இந்த முன்னேற்றத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பது. 1873இல் நிலத்தின் பெறுமதியில் 3 சதவீதம் வரியாக விதிக்கப்பட்டது. விளைச்சல் பொய்த்தாலும் பணமாகவே செலுத்த வேண்டும். அதே ஆண்டில் கட்டாய இராணுவ சேவையும் வந்தது. விவசாயிகள் கிளர்ந்தெழுந்த பின்னரே, 1877இல் வரி 2.5 சதவீதமாகக் குறைந்தது. தனி அரசாக இருந்த ரியூக்யூ 1879இல் ஒக்கினாவா என்ற மாவட்டமாக்கப்பட்டது. அங்கே பாடசாலையில் தாய்மொழி பேசிய பிள்ளைகளின் கழுத்தில் தண்டனையாக ஒரு மரப்பலகை தொங்கவிடப்பட்டது. வடக்கே ஐனு மக்களின் நிலம் ஹொக்கைடோ என்று பெயர் மாற்றப்பட்டுக் குடியேற்றக்காரர்களுக்குப் பங்கிடப்பட்டது. ஐனு மக்களைப் பழங்குடிகளாக ஏற்றுக்கொண்ட சட்டம் வந்தது 2019இல்தான்.

தோற்றுப்போன ஐசு மக்களின் கதையை நாம் தனியாகவே வாசிக்க வேண்டும். பழைய ஆட்சியின் பக்கம் நின்ற ஐசு சிற்றரசின் கோட்டையை 1868இல் அரச படைகள் ஏறத்தாழ ஒரு மாதம் முற்றுகையிட்டன. பெண்களும் பதின்ம வயதுச் சிறுவர்களும்கூட அங்கே மடிந்தார்கள். சரணடைந்தபின் சாமுராய்க் குடும்பங்களில் பல வடமுனையில் குளிர்மிகுந்த தொனாமி என்ற தரிசு நிலத்துக்கு அனுப்பப்பட்டன. பசியும் குளிரும் பலரைக் கொன்றன. வென்ற தரப்பில் இறந்தவர்களுக்காக 1869இல் டோக்கியோவில் ஓர் ஆலயம் எழுந்தது. அதுவே இன்றைய யசுகுனி. அந்தப் போரில் எதிர்த்து நின்று மடிந்த ஐசு வீரர்களுக்கு அங்கே இடமில்லை.

ஆனாலும் ஐசு மக்கள் தமது பிள்ளைகளின் கல்லறைகளைப் பராமரிக்கிறார்கள், அங்கே வணக்க நிகழ்வுகளை நடத்துகிறார்கள். 2018இல் ஜப்பானிய அரசு மெய்ஜி யுகத்தின் 150 ஆவது ஆண்டைக் கொண்டாடியபோது, ஐசுவில் அது போரின் 150 ஆவது ஆண்டாகவே நினைவுகூரப்பட்டது. அவர்களும் அதே புகையிரதத்தில் பயணித்தவர்கள்தான், அதே பாடசாலைகளில் படித்தவர்கள்தான். அபிவிருத்தி அவர்களுடைய துயரத்தைத் துடைத்துவிடவில்லை. அவர்களுடைய நினைவுகூரலால் ஜப்பானின் முன்னேற்றம் தடைப்படவுமில்லை.

ஆகவே, இனி யாராவது நம்மிடம் ஜப்பானைப் பாருங்கள் என்றால், ஐசுவையும் சேர்த்துத்தான் சொல்கிறீர்களா என்று கேட்போம். வீதியும் பாலமும் நமக்கும் வேண்டும். அவற்றைக் காட்டி, இறந்தவர்களுக்கு விளக்கேற்றும் உரிமையையும் நடந்ததற்கு நீதி கேட்கும் உரிமையையும் கைவிடச் சொல்வதற்கு ஜப்பானின் வரலாற்றில் ஆதாரம் இல்லை.