வாய்ப்பனுக்காக அழுபவர்களிடம் ஒரு கேள்வி

போன மாதம் எங்கட வாசிப்புக் கூட்டத்துக்கு நண்பன் ஒருவன் வாழைப்பழ பிரெட் கொண்டுவந்தான். அவனே செய்தது. லண்டனில இருந்து வந்த மாமி அம்மாவுக்கெண்டு குடுத்துவிட்டுப் போன எயார் ஃப்ரையரில் செய்தது. மேற்பக்கம் கருகியிருந்தது, நடுவில் கொஞ்சம் களியாக இருந்தது. ஆனாலும் பத்துப் பேர் சேர்ந்து பத்து நிமிடத்தில் முடித்துவிட்டோம்.

பிரச்சினை பிறகுதான் வந்தது. அதைப் படமெடுத்துத் தன்ர குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டான். வந்த பதில்களை எங்களுக்கு வாசித்துக் காட்டினான். "வாய்ப்பன் சுட்ட சனம் இப்ப பனானா பிரெட் சுடுதோ?" எண்டார் ஒரு பெரியப்பா. "வெள்ளைக்காரன்ர பண்டத்தைச் செய்யப் பழகினால் எங்கட பண்டம் அழிஞ்சு போகும்" எண்டார் இன்னொருவர். மூன்றாவது ஆள் சுத்தி வளைக்கவில்லை: "ஏன் தம்பி, வீட்டில பொம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?"

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். நாங்கள் போகவில்லை. ஏனெண்டால் இந்த மூன்று பதிலும் ஒரே பதில் எண்டுதான் எங்களுக்குப் படுகிறது. முதல் இரண்டும் மூன்றாவதற்குப் போட்ட போர்வை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் "எங்கட பண்டம்" எண்ட கதை. வாய்ப்பன் எங்கட பண்டம்தான், அதில் சந்தேகமில்லை. நன்றாகக் கனிந்து தோல் கறுத்த கதலியையோ கப்பலையோ பிசைந்து, கோதுமை மா, சீனி, உப்பு, கொஞ்சம் அப்பச்சோடா போட்டுக் குழைத்து, கையால் கிள்ளி எண்ணெய்க்குள் விடுவது. ரீக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அதைப் பார்த்தால் இண்டைக்கும் எங்களுக்கு வாயூறும். ஆனால் அந்தக் கோதுமை மா எங்க இருந்து வந்தது? இந்த நாட்டில் வியாபாரத்துக்கெண்டு கோதுமை விளைவதில்லை. கப்பலில்தான் வருகிறது. பாண் எண்ட சொல்லே போர்த்துக்கேயச் சொல். அதைச் சுடுகிற போறணையும் அங்க இருந்து வந்ததுதான். வாய்ப்பன் சுடுகிற இடத்துக்கு நாங்கள் சொல்லுகிற குசினி எண்ட பெயரும் அதே வழியில் வந்ததுதான். யாழ்ப்பாணக் கறித்தூளில் இருக்கிற செத்தல் மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்த்துக்கேயரோடு இந்தப் பக்கம் வந்தது. அதை யாரும் "வெள்ளைக்காரன்ர உறைப்பு" எண்டு ஒதுக்கி வைக்கவில்லை. பிடித்திருந்தது, எடுத்துக்கொண்டோம், எங்கடதாக்கினோம். அந்தக் கதவை எங்கட தலைமுறை வந்த உடனே சாத்தவேண்டிய அவசியம் என்ன?

அடுத்தது, இந்த வாழைப்பழ பிரெட் அப்படியொண்டும் துரைமார் வீட்டுப் பண்டமும் இல்லை. முதலில், அது பாணே இல்லை. ஈஸ்ட் இல்லை, புளிக்க விடுகிற வேலை இல்லை, அப்பச்சோடாவால் எழும்புகிற ஒரு கேக். அமெரிக்காவில் 1930களில், பொருளாதார மந்தம் சனத்தை வாட்டிய காலத்தில், பேக்கிங் சோடாவும் பேக்கிங் பவுடரும் வீடுகளில் சாதாரணமாகிவிட்ட பிறகுதான் இது சமையல் புத்தகங்களில் பரவலாக இடம்பிடித்தது. கறுத்த பழத்தை எறிய மனமில்லாத வீடுகளின் சமையல் அது. வாய்ப்பனும் அதே கணக்குத்தானே? பழம் அழுகப்போகிறது, காசு போட்டு வாங்கியது, எறியக்கூடாது. ஒண்டு எண்ணெய்க்குள் விழுந்தது, மற்றது போறணைக்குள் போனது. இரண்டும் ஒண்டுக்கொண்டு எதிரியில்லை, மச்சாள்மார்.

அப்படியெண்டால் எங்கட வீடுகளில் ஏன் போறணைப் பக்கம் போகவில்லை? போறணை இருக்கவில்லை, அவ்வளவுதான். கேக் செய்யிறதெண்டால் கலவையைத் தட்டில் ஊற்றி ஊர்ப் பேக்கரிக்குக் கொண்டுபோய், பாண் சுட்டு முடிந்த சூட்டில் வைத்து எடுத்து வருவார்களாம். இல்லாவிட்டால் பெரிய சட்டிக்குள் மணலைப் பரப்பி, அதற்கு மேல் தட்டை வைத்து மூடி, மூடிக்கு மேலும் தணல் போடுவார்களாம். 1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றபிறகு பல வருடம் அப்படித்தான் பிறந்தநாள் கேக் செய்தோம் எண்டு எங்கட அம்மாமார் சொல்லுகினம். மேலும் கீழும் தணல் வைத்து, ஆவி வெளியே போகாமல் மூடி, மணிக்கணக்கில் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண்களுக்கு யாரும் "பண்பாட்டைக் கெடுக்கிறாய்" எண்டு சொன்னதாக நாங்கள் கேள்விப்படவில்லை. ஆம்பிளையள் கேக்கைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

இப்ப அந்த மெஷினுக்கு வருவோம். 2010இல் பிலிப்ஸ் கொம்பனி இந்தப் பெயரோடு இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெயரில் பொரியல் இருக்கிறதே தவிர அது எதையும் பொரிப்பதில்லை. மேலே ஒரு சூட்டுக் கம்பி, அதற்கு மேல் ஒரு காற்றாடி, சின்ன அறை. சூடான காற்றை வேகமாகச் சுழற்றுகிறது. அதாவது, காற்றாடி வைத்த ஒரு குட்டிப் போறணை. இதை விளங்கிக்கொண்டால் இரண்டு பொய்கள் ஒரே நேரத்தில் உடையும்.

ஒண்டு, "இந்த மெஷின் வந்து வாய்ப்பனை அழிச்சுப்போடும்" எண்ட பயம். அதால் முடியாது. வாய்ப்பன் மா இளகலாக இருக்கும். கொதிக்கிற எண்ணெய் நாலு பக்கத்தாலும் ஒரே நொடியில் பிடித்தால்தான் அது உருண்டையாக நிற்கும். எயார் ஃப்ரையர் கூடைக்குள் விட்டால் ஓட்டைகளால் ஒழுகும். மாவை இறுக்கிக் குழைத்தால் வறண்ட பணிஸ் மாதிரி ஒண்டு வரும். நாங்கள் செய்து பார்த்துத்தான் சொல்லுகிறோம்.

மற்றது, "எண்ணெயில்லை, ஆரோக்கியம்" எண்ட விளம்பரம். ரிக்ரொக்கில் வருகிற எத்தனையோ வீடியோ வாழைப்பழ பிரெட்டைச் சத்துணவு மாதிரிக் காட்டுகிறது. அதற்குள் ஒரு கோப்பை சீனியும் அரை பக்கெற் பட்டரும் போவதை எண்ணிப் பார்க்கமாட்டினம். பழம் சேர்த்தால் சீனி மருந்தாகிவிடாது. சலரோகம் இல்லாத குடும்பம் எங்கட ஊரில் எத்தனை? கேக்கைக் கேக் எண்டு சொல்லி, ஒரு துண்டு சாப்பிடுங்கோ. போதும்.

கரண்ட் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். 2022இல் காஸ் வரிசையில் நின்றவர்கள் நாங்கள். அந்த மார்ச் மாதக் கடைசியில் நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. பிறகு அதே வருடம் ஓகஸ்ட்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 வீதமும் கூடியது. ஆகவே "கரண்டை வீணாக்கிறாங்கள்" எண்டு யாராவது கேட்டால், அது நியாயமான கேள்வி. பதில் இது: 1500 வொட் மெஷின் 45 நிமிடம் ஓடினால், ஒருக்காலும் நிற்காமல் எரிந்தாலும் ஒரு யூனிற்றைக் கொஞ்சம் தாண்டும். சூடு ஏறினதும் அது நின்று நின்றுதான் எரியும் எண்டபடியால் உண்மையில் அதைவிடக் குறைவு. பெரிய அவனைச் சூடாக்கி ஒரு சின்னக் கேக் செய்வதைவிட இது மலிவு. ஆனால் மெஷின் வாங்கக் காசு வேண்டும், இல்லாவிட்டால் வெளிநாட்டில் மாமி வேண்டும். எல்லா வீட்டிலும் இருக்கிற சாமான் இல்லை இது. இல்லாதவர்கள் அந்தப் பழைய மணல் சட்டியில் செய்யலாம், கேக் வித்தியாசம் பார்க்காது. இருக்கிறவர்கள் அதை ஒரு அந்தஸ்தாகக் காட்டவேண்டிய தேவையும் இல்லை. பின்குறிப்பாக, கனடா மாமிமாருக்கு: அங்கத்தைய 120 வோல்ற் மெஷினை இங்க 230 வோல்ற்றில் செருகினால் புகைதான் வரும்.

நண்பனுடையது ஏன் கருகியது, ஏன் களியானது எண்டும் சொல்லிவிடுகிறோம். அடுத்தமுறை யாரும் அதை வைத்துப் பகிடி பண்ணக்கூடாது. பெரிய அவனுக்கு எழுதின 180 பாகையை அவன் அப்படியே வைத்திருந்தான். இந்த மெஷினில் சூட்டுக் கம்பி தட்டுக்கு மிகக் கிட்ட இருக்கிறது, காற்றாடி வேறு சூட்டை அடித்துத் தள்ளுகிறது. நடு வேகுமுன்னமே மேல் கருகும். பிறகு நாங்கள் மூன்று தடவை செய்து பிடித்த வழி இது.

தோல் கறுத்த, உரித்தால் 300 கிராம் வருகிற வாழைப்பழம். இதரையும் நல்லது, கதலி கொஞ்சம் புளிப்போடு இன்னும் நல்லது. மஞ்சளாக நிற்கிற பழத்தைத் தொடவேண்டாம், மாச்சத்து சீனியாக மாற நாள் எடுக்கும். முள்ளுக்கரண்டியால் மசித்து, 100 கிராம் சீனி, 75 கிராம் உருக்கின பட்டர் அல்லது எண்ணெய், இரண்டு முட்டை சேர்த்து அடியுங்கோ. 190 கிராம் கோதுமை மா, ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா, ஒரு சிட்டிகை உப்பு, விருப்பமெண்டால் கறுவாத் தூள் ஆகியவற்றை அரித்துப் போட்டு, மா மறையும் வரைக்கும் மட்டும் கிளறுங்கோ. கூடக் கிளறினால் றப்பர்தான் சாப்பிடவேண்டி வரும். பழத்தின் புளிப்போடு சோடா உடனே வேலை செய்யத் தொடங்கிவிடும், கலந்துவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். எண்ணெய் பூசிய ஆறு அங்குலத் தட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும் ஊற்றி, மேலே அலுமினியத் தாள் போட்டு, ஓரங்களை இறுக்கி மடக்குங்கோ. சும்மா வைத்தால் காற்றாடி இழுத்துக் கம்பியில் ஒட்டிவிடும். முன்கூட்டியே சூடாக்கின மெஷினில் 160 பாகையில் அரை மணித்தியாலம். பிறகு தாளை எடுத்துவிட்டு இன்னும் 10 முதல் 20 நிமிடம். ஈர்க்கால் நடுவில் குத்தினால் ஈரமா ஒட்டாமல் வரவேண்டும். ஆறவிட்டு வெட்டுங்கோ.

இவ்வளவுதான். ஒரு கோப்பை, ஒரு முள்ளுக்கரண்டி, ஒரு தட்டு. இதைச் செய்ய யாரும் பொம்பிளையாகப் பிறந்திருக்கத் தேவையில்லை.

இப்ப எங்கட கேள்வி. வாய்ப்பன் அழியப்போகிறது எண்டு அழுகிற பெரியப்பாவே, உங்கட வாழ்க்கையில் ஒருக்காலாவது நீங்கள் வாய்ப்பன் சுட்டிருக்கிறீங்களா? தாச்சிக்கு முன்னால் நின்று, எண்ணெய்ப் புகையில் கண் எரிய, நாற்பது வாய்ப்பன் போட்டு எடுத்திருக்கிறீங்களா? எண்ணெய் தெறித்த தழும்பு உங்கட கையில் இருக்கிறதா, பெரியம்மாவின் கையில் இருக்கிறதா?

பண்டம் அழிவது இன்னொரு பண்டம் வருவதால் இல்லை. அதைச் செய்யத் தெரிந்தவர்கள் குறைவதால்தான். வாய்ப்பன் இருக்கவேண்டுமெண்டால் அதைச் செய்கிற கைகள் கூடவேண்டும். ஆனால் பாதிச் சனத்தை, அதாவது ஆம்பிளையளை, குசினிக்குள் வரவிடாமல் பகிடி பண்ணித் துரத்திவிட்டு, மிச்சப் பாதியின் தலையில் முழுப் பாரம்பரியத்தையும் ஏற்றிவைத்திருக்கிறோம். அந்த மற்றப் பாதி இப்ப வேலைக்கும் போகிறது, கம்பஸுக்கும் போகிறது. பின்னேரம் வந்து எண்ணெய்ச் சட்டி வைக்க அவர்களுக்கு நேரமில்லை. அதைத்தான் "பண்பாடு அழியுது" எண்டு பெயர் வைத்து அழுகிறீர்கள். உங்களுக்குக் கவலை வாய்ப்பனைப் பற்றியில்லை. இருந்த இடத்துக்கு ரீயும் வாய்ப்பனும் வராமல் போய்விடுமோ எண்டதுதான் கவலை.

இதை எழுதிவிட்டு நாங்கள் மட்டும் நல்லபிள்ளையாக நிற்க முடியாது. அந்த மெஷின் அம்மாவுக்கு வந்த பரிசு. "இனி அம்மாவுக்கு வேலை சுகம்" எண்டு சொல்லித்தான் எங்கட வீடுகளிலும் கிரைண்டர் வந்தது, ரைஸ் குக்கர் வந்தது, இப்ப இது. சாமான் மாறினது, நிற்கிற ஆள் மாறவில்லை. சுகமெண்டு சொன்ன ஒவ்வொரு மெஷினோடும் அம்மாவிடம் கேட்கிற சாப்பாட்டு வகைதான் கூடினது. நாங்கள் ஆசைக்கு ஒரு நாள் பிரெட் செய்து, படமெடுத்து, லைக் வாங்கிவிட்டு, பிசுபிசுத்த கூடையையும் தட்டையும் தொட்டிக்குள் போட்டுவிட்டுப் போனால், பெரியப்பாவுக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்? அவர் வேலை செய்யாமல் சாப்பிட்டார், நாங்கள் வேலை வைத்துவிட்டுச் சாப்பிட்டோம்.

ஆகவே எங்கட கூட்டத்தில் ஒரு முடிவெடுத்தோம். பெரிய தீர்மானமொண்டும் இல்லை. இனிமேல் மாதக் கூட்டத்துக்கு ரீயோடு என்ன வந்தாலும் அதைச் செய்ததும் கழுவினதும் ஒரே ஆளாக இருக்கவேண்டும். அம்மா, அக்கா, தங்கச்சி செய்து தந்ததைக் கொண்டுவந்து "நான்தான்" எண்டு சொல்லக்கூடாது. அடுத்த மாதம் வாய்ப்பன். எயார் ஃப்ரையரில் இல்லை, தாச்சியில், எண்ணெயில். சுடப்போவது எங்கட பெடியள் மூன்று பேர். பெரியம்மா சொல்லித்தாறதெண்டு ஒப்புக்கொண்டிருக்கிறா, கதிரையில் இருந்தபடி. பெரியப்பாவுக்கும் அழைப்பு விட்டிருக்கிறோம். வாறதெண்டால் சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு வரட்டும், பழம் மசிக்க ஆள் வேணும்.