யோசனை கடைக்காரர்கிட்ட, காசு மட்டும் வேற எடத்துக்கா?

"லோக்கல் கடைக்காரன் எல்லாம் ஃபிராடுடா மச்சி." எங்க ஆபீஸ் டீ பிரேக்ல யாராவது இதைச் சொல்லாத வாரம் கிடையாது. கேக்கும்போதெல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வருது. ஃபிராடு யாருன்னு சொல்றேன், பொறுமையா படிங்க மக்கா.

அக்கா பையனோட மொத பொறந்தநாள். செகண்ட்ஹேண்ட்ல வாங்கின நிக்கான் டி5300, கூட வந்த 18-55 லென்ஸ், ட்யூப்லைட் வெளிச்சம். பய ஒரு நிமிஷம் சும்மா இருக்கல. எடுத்ததுல முக்கால்வாசி படம் கலங்கல். ஒரு பெரிய ஷோரூம்ல போய் கேட்டேன். கம்பெனி டீசர்ட் போட்ட தம்பி "பாடி பழசு சார், 45 மெகாபிக்சல் எடுங்க"ன்னான். என் கேமராவே 24. 4கே டிவிக்கு 8 சொச்சம் போதும். கலங்கினதுக்கும் மெகாபிக்சலுக்கும் என்னய்யா சம்பந்தம்? அவனைச் சொல்லிக் குத்தமில்ல, அந்த டீசர்ட்டுக்குத்தான் சம்பளம்.

அப்புறம் பாரிமுனை பக்கம் ஒரு சந்துல சின்னக் கடை. ஃபிலிம் காலத்துலேருந்து இருக்கற அண்ணன். மலிவா இருக்கேன்னு 50 எம்எம் 1.8டி லென்ஸ் கேட்டேன். அது அவர் அலமாரிலயே இருந்துச்சு. எடுத்துக் குடுத்தா யாவாரம் முடிஞ்சுது. மனுசன் குடுக்கல!

"என்ன எடுப்பீங்க தம்பி? வீட்டுக்குள்ளயா? ஹால் எவ்ளோ பெருசு?"ன்னு கேட்டார். என் படங்களைப் பாத்தார். ஷட்டர் 1/15. "பாடி நல்லாத்தான் இருக்கு, வெளிச்சம்தான் பத்தல. நீங்க கேக்குற லென்ஸ் இதுல ஆட்டோஃபோகஸ் ஆகாது, உள்ள மோட்டார் கிடையாது. ஏஎஃப்-எஸ் தான் வேணும். அதுலயும் 50 வேணாம், இந்தச் சின்ன சென்சார்ல 75 மாதிரி தெரியும், பின்னாடி போய் போய் முதுகு செவுத்துல இடிக்கும். 35 எம்எம் 1.8 எடுங்க." கிட் லென்ஸ் அந்த எடத்துல எஃப் 4.5 கிட்ட நிக்கும். கணக்குப் போட்டா இதுல ஆறு மடங்கு வெளிச்சம். மாட்டிக் குடுத்து, தெருவுல போறவங்களை எடுத்துப் பாக்கவும் சொன்னார். மொத்தம் நாப்பது நிமிஷம்.

நான் என்ன பண்ணேன்? மொபைல்ல தேடினேன். ஆன்லைன்ல 1200 ரூபா கம்மி. "யோசிச்சு வர்றேண்ணே"ன்னு கெளம்பி, பஸ்லயே ஆர்டர் போட்டேன். படமெல்லாம் இப்ப அட்டகாசம்.

கிளையண்ட் கூட அரைமணி நேரம் பேசினா டைம்ஷீட்ல ஏத்துற ஆளுங்க சார் நாம. அந்த அண்ணனோட நாப்பது நிமிஷம் மட்டும் ஓசியா? "புடிக்கலைன்னா ரிட்டர்ன் போட்டா போச்சு"ங்கறீங்க. என்ன தப்புன்னு தெரிஞ்சாத்தானே ரிட்டர்ன் போட? ஃபோகஸ் ஆகலைன்னா நான் கேமராவைத்தான் திட்டியிருப்பேன்.

ஏமாத்துற கடையும் இருக்கு, இல்லைங்கல. பில்லு இல்லாம, இந்திய வாரண்டி இல்லாத சரக்கைத் தள்ளி விடுறவங்க, கேக்காமலே ஃபில்டரைத் தலையில கட்டுறவங்க. அங்கேருந்து தாராளமா எந்திரிச்சு வாங்க. ஆனா பொட்டியைக் கீழ எடுக்கறதுக்கு முன்னாடி "என்ன எடுப்பீங்க?"ன்னு கேக்கற ஆளுக்கும் அதே மரியாதைதானா?

போன மாசம் சென்சார்ல தூசின்னு அதே கடைக்குப் போனேன். லென்ஸ் இருந்த அலமாரி பூரா மொபைல் கவரும் டெம்பர்டு கிளாஸும். என்னை ஞாபகம் வெச்சிருந்தார். கேமராவுல மாட்டியிருந்த 35-ஐப் பாத்துட்டு, "வாங்கிட்டீங்களா, நல்ல லென்ஸ்"னு மட்டும் சொன்னார்.

டிஸ்கி: கடை எங்கன்னு மெயில் போட்டா சொல்றேன். "யோசிச்சு வர்றேண்ணே" கோஷ்டி கேக்காதீங்க, ஏற்கனவே ஒருத்தன் போய்ட்டு வந்துட்டான்.