இடம்பெயரும் குடும்பங்களும் இடம்பெயராத உரிமைகளும்

ஏப்ரல் பிறந்துவிட்டால் சென்னையில் வாடகை வீடு தேடுவோரின் எண்ணிக்கை கூடிவிடுகிறது. பணியிட மாறுதல் பெற்ற வங்கி ஊழியர், மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்தவர், ஊரில் தொழில் நொடித்து ஓட்டுநர் வேலைக்கு வருபவர் எனப் பலதரப்பட்ட குடும்பங்கள் அந்தக் கூட்டத்தில் இருக்கின்றன. வீட்டுத் தரகரிடம் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி தண்ணீரைப் பற்றியதாகவும், இரண்டாவது கேள்வி பள்ளிக்கூடத்தைப் பற்றியதாகவும் இருக்கிறது. (2019 கோடையில் சென்னையில் வாழ்ந்தவர்கள் இந்த வரிசையை மாற்ற ஒப்பமாட்டார்கள்.) இரண்டாவது கேள்விக்குச் சரியான விடை தரகரிடம் இல்லை. சொல்லப்போனால், அரசிடமும் முழுமையான விடை இல்லை என்பதே என் கருத்து.

முதல் சிக்கல் நாள்காட்டியில் தொடங்குகிறது. சிபிஎஸ்இ பள்ளிகளின் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் ஜூனில் திறக்கப்படுகின்றன. பெயர்பெற்ற தனியார் பள்ளிகள் பலவற்றில் மழலையர் வகுப்புச் சேர்க்கை அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. மாறுதல் உத்தரவோ மே மாதத்தில்தான் கைக்கு வருகிறது. எனவே, இடம் கிடைத்த பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பது, அலுவலகத்துக்கு அருகில் வீடு பார்ப்பது, இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவை வேன்காரரிடம் ஒப்படைப்பது என்ற ஏற்பாட்டுக்குக் குடும்பங்கள் வந்துவிடுகின்றன. தாம்பரத்தில் வீடும் பழைய மாமல்லபுரம் சாலையில் பள்ளியுமாக வாழும் குழந்தைகள், பெற்றோர் எழுவதற்கு முன்பே எழவேண்டியிருக்கிறது.

என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதற்கு நேர்மாறானது. பள்ளியையும் வீட்டையும் ஒன்றாகப் பாருங்கள். பயணத்தைப் பெரியவர்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒன்றாம் வகுப்புக் குழந்தை நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் வண்டியில் அமர்ந்திருப்பதால் இழப்பதை எந்தப் பள்ளியின் தேர்ச்சி விழுக்காடும் ஈடுசெய்வதில்லை. விளையாட்டு போகிறது, தூக்கம் போகிறது, தெருவில் நண்பன் என்று ஒருவன் இல்லாமல் போகிறான். 2012 ஜூலையில் தாம்பரம் அருகே, பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இறந்தாள். அதன் பின்னரே பள்ளி வாகனங்களுக்கெனத் தமிழ்நாட்டில் சிறப்பு விதிகள் வந்தன. அவ்விதிகளின்படி ஆண்டுதோறும் வாகனங்கள் சோதிக்கப்படுகின்றன, நல்லது. ஆனால், ஆறு வயதுக் குழந்தை எவ்வளவு தொலைவு பயணிக்கலாம் என்ற கேள்வி அங்கே எழவேயில்லை.

அந்தக் கேள்விக்கான விடை வேறொரு விதித் தொகுப்பில் இருக்கிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்துக்காகத் தமிழ்நாடு அரசு 2011-இல் வகுத்த விதிகள், தொடக்கப்பள்ளி வீட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள்ளும் நடுநிலை வகுப்புகளுக்கான பள்ளி 3 கிலோமீட்டருக்குள்ளும் இருக்கவேண்டும் என்கின்றன. இதற்கும் முன்னோடி உண்டு. 1964 முதல் 1966 வரை செயல்பட்ட கோத்தாரி கல்விக்குழு, ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடின்றி ஒரு பகுதியின் குழந்தைகள் அனைவரும் அப்பகுதியின் பள்ளியிலேயே படிக்கும் அருகமைப் பள்ளி முறையைப் பரிந்துரைத்தது. 1968-இன் தேசியக் கல்விக் கொள்கையும் பொதுப்பள்ளி முறையை ஏற்றது. நடுத்தர வர்க்கம் மட்டும் அதை ஏற்கவில்லை. இன்று கிலோமீட்டர்க் கணக்கு ஏழைக் குழந்தைகளின் விண்ணப்பங்களில் மட்டுமே பார்க்கப்படுகிறது. மற்றவர்களுக்குத் தொலைவு என்பது வேன் கட்டணம்.

பள்ளித் தேர்வு ஒவ்வொரு குடும்பத்தின் சொந்த விவகாரம் என்று இதைக் கடந்துவிட முடியாது. ஊர் மாறும் குழந்தையைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஊன்றிப் படித்தால், நம் கல்விச் சட்டங்களும் சலுகைகளும் பெரும்பாலும் ஓரிடத்திலேயே நிலைத்திருக்கும் குடும்பத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை என்பது விளங்கும்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, எக்காரணத்தாலும் பள்ளி மாற நேரும் குழந்தைக்கு மாநிலத்துக்குள்ளோ வெளியிலோ வேறு பள்ளிக்கு மாறும் உரிமையைத் தருகிறது. மாற்றுச் சான்றிதழைத் தலைமையாசிரியர் உடனே வழங்கவேண்டும்; அது வரத் தாமதமானாலும் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது; தாமதிக்கும் தலைமையாசிரியர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட பிரிவு இருந்தும், கட்டண நிலுவையைக் காரணம் காட்டிச் சான்றிதழை இழுத்தடிக்கும் வழக்கம் தொடர்ந்தது. மாற்றுச் சான்றிதழ் என்பது கட்டணம் வசூலிப்பதற்கான கருவியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லவேண்டியிருந்தது. சேர்க்கைக்கு அச்சான்றிதழைக் கேட்டு வற்புறுத்தக்கூடாது எனப் பள்ளிகளுக்கு அறிவுறுத்துமாறும் அரசுக்கு நீதிமன்றம் ஆணையிட்டது.

தாள் சிக்கல் தீர்ந்த இடத்தில் கணினிச் சிக்கல் வந்து நிற்கிறது. பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் எண் உண்டு. பழைய பள்ளி அந்த எண்ணைத் தன் பட்டியலிலிருந்து விடுவித்தால்தான் புதிய பள்ளி தன் பட்டியலில் ஏற்ற முடியும். தலைமையாசிரியர் கருணையோடு குழந்தையை வகுப்பில் உட்கார வைத்துவிடலாம். பெயர் பட்டியலில் ஏறாதவரை பாடநூலுக்கும் சீருடைக்கும் கணக்குச் சொல்வது அவருக்குக் கடினம். குடிபெயரும் பெற்றோர் பழைய ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே இந்த விடுவிப்பு நடந்ததா என்று பார்த்துவிட வேண்டும். ரயில் ஏறிய பின் தொலைபேசியில் கெஞ்சுவதைவிட அது எளிது.

அதே 5-ஆவது பிரிவில் பலரும் கவனிக்காத ஒரு விலக்கு இருக்கிறது. மாறிச் செல்லும் உரிமை, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்குப் பொருந்தாது. இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். மதுரையில் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகன், நலிவடைந்த பிரிவினருக்கான 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் சேர்ந்து மூன்றாம் வகுப்பு முடித்திருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். எட்டாம் வகுப்பு வரை அவனுக்குக் கட்டணமில்லை. பிழைப்புக்காகக் குடும்பம் சென்னைக்கு வருகிறது. அவனுடைய ஒதுக்கீடு அவனோடு வருவதில்லை. அந்த ஒதுக்கீட்டில் சேர்க்கை நுழைவு வகுப்பில் மட்டுமே நடப்பதால், நான்காம் வகுப்புக்கு அவன் புதிதாக விண்ணப்பிக்கவும் வழியில்லை. மதுரையில் அவன் விட்டுவந்த இருக்கையாவது வேறொரு ஏழைக் குழந்தைக்குப் போனால் ஆறுதல் கொள்ளலாம். மூன்றாம் வகுப்பில் அதற்கும் இடமில்லை. வீட்டுவேலை, கட்டுமானம், ஓட்டுநர் பணி என்று அடிக்கடி இடம் மாறும் குடும்பங்களுக்காகவே கொண்டுவரப்பட்ட ஒதுக்கீடு, அவர்கள் இடம் மாறிய அன்றே தீர்ந்துபோகிறது.

போதாக்குறைக்கு, 2025-26 கல்வியாண்டில் இந்தச் சேர்க்கையே காலம் தவறியது. ஒன்றிய அரசுக்கும் மாநில அரசுக்கும் இடையிலான நிதிப் பிணக்கினால், கோடையில் நடக்கவேண்டிய சேர்க்கை அக்டோபரில்தான் தொடங்கியது. பள்ளிக்கு 1 கிலோமீட்டருக்குள் வீடு வேண்டும் என்பதற்காகக் கூடுதல் வாடகைக்குக் குடிவந்தவர்கள் அந்த ஐந்து மாதங்களில் என்ன செய்திருப்பார்கள் என்று பிணக்கிட்டவர்கள் எண்ணிப் பார்த்தார்களா, தெரியவில்லை.

ஆறாம் வகுப்பைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். இடம்பெயரும் பெற்றோர் பலர் இந்த வகுப்பில்தான் அவசரப்பட்டு முடிவெடுக்கின்றனர். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு 2020-இல் சட்டமாயிற்று. மறு ஆண்டே பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் படித்திருப்பதே அதற்கான அடிப்படைத் தகுதி. உயர்கல்வி பயிலும் மாணவியருக்கு மாதம் ரூ.1,000 வழங்கும் புதுமைப்பெண் திட்டமும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் இதே ஏழாண்டுக் கணக்கைத்தான் பார்க்கின்றன. அரசுப் பணிகளில் தமிழ்வழியில் படித்தோருக்கான 20 விழுக்காட்டு முன்னுரிமைக்கு, முதல் வகுப்பு முதலே தமிழ்வழியில் படித்ததற்குச் சான்று கேட்கப்படுகிறது.

தந்தையின் வேலைக்காக ஏழாம் வகுப்பில் பெங்களூரு சென்று ஒன்பதாம் வகுப்பில் திரும்பும் மாணவிக்கு இந்தக் கதவுகள் மூடிவிடுகின்றன. ‘இந்த ஓராண்டு மட்டும் தனியார் பள்ளியில் இருக்கட்டும்; சென்னை பழகியதும் அரசுப் பள்ளிக்கு மாற்றிக்கொள்ளலாம்’ என்று எண்ணும் பெற்றோருக்கும் அதே நிலைதான். அந்த ஓராண்டின் விலையை அவர்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் ஐந்து நிமிடம் பேசினால் தெரிந்துவிடும். ஆனால், தனியார் பள்ளிகளின் வாசலில் வரிசையில் நிற்பவர்கள் அந்த வாசலுக்குப் போவதே இல்லை.

வேறு மாநிலத்திலிருந்தோ வளைகுடா நாடுகளிலிருந்தோ திரும்புவோர் தமிழ்ப் பாடத்தைப் பற்றி விசாரிப்பது நல்லது. 2006-இன் தமிழ் கற்பிக்கும் சட்டமும், 2015-16 முதல் சிபிஎஸ்இ உள்ளிட்ட பள்ளிகளுக்கும் அதைப் படிப்படியாக விரிவாக்கிய ஆணையும், பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கியுள்ளன. எட்டாம் வகுப்பில் வந்து எழுத்துக்கூட்டத் தொடங்கும் பிள்ளைக்கு வீட்டில் கூடுதல் துணை வேண்டும்.

குடியிருப்புப் பகுதியைப் பொறுத்தவரை சென்னைக்கு வருவோரிடம் நான் வலியுறுத்துவது ஒன்றே. டிசம்பரைக் கேளுங்கள். 2015-இல் தண்ணீர் எதுவரை நின்றது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எத்தனை நாள் வடியவில்லை என்பதைத் தரகர் சொல்லமாட்டார். தெருமுனைத் தேநீர்க்கடைக்காரர் சுவரைத் தொட்டுக் காட்டுவார். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் போன்ற பகுதிகளில் வீட்டுக்கு மட்டுமல்லாமல் பள்ளிக்கும் சேர்த்தே இக்கேள்வியைக் கேட்கவேண்டும். மாடி வீடு கிடைத்துவிட்டது என்று நிம்மதி கொள்பவர்கள், பள்ளிக்குப் போகும் வழி மூழ்குமா என்று பார்ப்பதில்லை. அரையாண்டுத் தேர்வு நடப்பதும் டிசம்பரில்தான்.

இதுவரை சொன்னவை தெரிவு செய்யும் வசதி உள்ளவர்களுக்கானவை. இதே நகரத்தில், எந்தப் பகுதி, எந்தப் பள்ளி என்று கேட்கும் வாய்ப்பே இல்லாமல் லாரியில் ஏற்றப்பட்ட குடும்பங்கள் பல்லாயிரம். 2000-ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகருக்கும், பின்னர் பெரும்பாக்கத்துக்கும் நகரின் நடுவிலிருந்து ஆற்றங்கரை மக்கள் கொண்டுசெல்லப்பட்டனர். பெரும்பாக்கத்தில் மட்டும் 20,000-க்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகள். வீடுகள் முதலில் எழுந்தன. போதிய வகுப்பறைகள் பின்னரே வந்தன. பழைய பள்ளியை விட மனமில்லாத பிள்ளைகள் 20 கிலோமீட்டர் பேருந்தில் சென்று வந்தார்கள். சிலர் அதையும் நிறுத்திக்கொண்டார்கள். 2022 ஏப்ரல் இறுதியில் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது பொதுத்தேர்வுகள் தொடங்கச் சில நாள்களே இருந்தன. ஆக்கிரமிப்பை அகற்ற நீதிமன்ற ஆணை இருந்தது என்பது உண்மை. தேர்வு அட்டவணையும் அரசின் கையில்தான் இருந்தது என்பதும் உண்மை.

பள்ளி இல்லாத பகுதியில் மூன்றாண்டுகளுக்குள் பள்ளி அமைக்கவேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு. ஒரு பகுதியையே அரசு புதிதாக உருவாக்கும்போது மூன்றாண்டு அவகாசம் எதற்கு? சாவியைக் கொடுக்கும் நாளில் வகுப்பறையும் ஆசிரியரும் இருக்கவேண்டும். மறுகுடியமர்வுக்கான இடமாற்றம் ஏப்ரல் இறுதிக்கும் ஜூன் தொடக்கத்துக்கும் இடையில் மட்டுமே நடக்கவேண்டும் என்று அரசு ஆணை பிறப்பிக்கலாம். 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டுக் குழந்தை ஊர் மாறினால், புதிய ஊரில் அந்த ஒதுக்கீட்டில் காலியாக உள்ள அதே வகுப்பு இருக்கைகளில் சேர வழிவகை செய்யலாம். கட்டணத்தை ஈடுசெய்வது எப்படியும் அரசுதான். எமிஸ் தளத்தில் பெற்றோர் கோரிய ஒரு வாரத்துக்குள் பழைய பள்ளி விடுவிக்கவில்லையெனில், எண் தானாகவே விடுபடும்படி மென்பொருளில் ஒரு மாற்றம் போதும். ஏழாண்டுக் கணக்கில், பெற்றோரின் பிழைப்புக்காக வெளிமாநில அரசுப் பள்ளியில் கழிந்த ஆண்டுகளைச் சேர்த்துக்கொள்வதற்குச் சட்டத்திருத்தம் தேவைப்படும். அது சற்று நாளாகும்.

மற்றவை உடனே முடியக்கூடியவை. எந்தக் குழந்தை எந்தப் பள்ளியில், எந்த வகுப்பில், எந்தப் பயிற்றுமொழியில் படிக்கிறது என்பது பள்ளிக்கல்வித் துறையின் கணினியில் இருக்கிறது. அடுத்து மறுகுடியமர்த்தப்படவிருக்கும் குடும்பங்களின் பட்டியல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்திடம் இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் அதிகாரி ஒருவரை அரசு வரும் கல்வியாண்டுக்கு முன்பே நியமிக்கலாம்.