லேப்புக்கு வெளியே: முள் சொன்ன பொய்

ஓம்ஸ் லாவை பரீட்சையோட மறந்துட்ட கோஷ்டியா நீங்க? அப்போ இந்த வாரம் உங்களுக்குத்தான்!

எங்க மாமா திருக்காட்டுப்பள்ளியில வாடகை கார் ஓட்டுறார். அந்த வண்டியில பெட்ரோல் முள் மட்டும் செம மூடி. டேங்க் நிறைய இருந்தாலும், பள்ளத்துல குலுங்கினா ‘காலி’ன்னு படுத்துடும். கொஞ்ச நேரத்துல தானா எழுந்துக்கும். மெக்கானிக் டேங்க்ல மிதவையை மாத்தினார், அப்புறம் மீட்டரையே மாத்தினார். ம்ஹூம்! ‘அது அப்படித்தான் மாப்ள’ன்னு மாமா பழகிட்டார்.

பழகினதுதான் வினை. போன மாசம் ஒரு ராத்திரி, பிரசவ வலியோட ஒரு அக்காவை ஏத்திக்கிட்டு தஞ்சாவூர் கிளம்பினார். முள் காலின்னு காட்டுச்சு. வழக்கமான பொய்னு கண்டுக்கலை. அன்னிக்கு அது நிஜம்! ரெண்டு பக்கமும் வயல், நடுரோட்டுல வண்டி நின்னுடுச்சு. பின்னாடி வந்த வேன் புண்ணியத்துல தாயும் சேயும் நலம். மாமாவுக்குத்தான் ரெண்டு நாள் சோறு இறங்கலை.

லீவுக்குப் போன நான் கூடவே ஒரு ரவுண்டு போனேன். தஞ்சாவூர் சிக்னல்ல பிரேக்கை மிதிச்சு நின்னப்போ, முள் மெதுவா இறங்குச்சு. காலை எடுத்ததும் ஏறுச்சு. ஆஹா! பிரேக் லைட்டுக்கும் பெட்ரோல் முள்ளுக்கும் என்ன உறவு?

எர்த்! கரண்ட் திரும்பி வர்றதுக்கு காரோட உடம்புதான் பாதை. இந்த வண்டியில மிதவைக்கும் பின் லைட்டுக்கும் டிக்கியில ஒரே எர்த் போல்ட். அதுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல மீட்டரை வெச்சேன். பிரேக்கை மிதிச்சா 2.7 வோல்ட்! பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்க வேண்டியது.

கணக்குப் போடுங்க. பிரேக் பல்பு 21 வாட்ஸ், ரெண்டு பல்பு. துரு சேர்த்த ரெசிஸ்டன்ஸ் சுமார் ஒரு ஓம்தான். சும்மா ஓம் அளந்தா கண்ணுல படாது. லோடு கொடுத்து வோல்ட் பார்த்தாதான் மாட்டும். குலுங்கும்போது அந்தத் தொடர்பே விட்டுப்போகும், முள் படுத்துடும்.

பேட்டரி வயரைக் கழட்டி, போல்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு இறுக்கினோம். செலவு? உப்புத்தாள் காசு மட்டும்.

‘இனிமே முள் சொன்னா நம்பலாமா மாப்ள?’ன்னார் மாமா. நம்பலாம் மாமா. ஆனா மறுபடி பொய் சொன்னா மட்டும் பழகிக்காதீங்க!

அடுத்த வாரம் சந்திப்போம் மக்களே!