பொறியில் வண்டு சிக்கலைன்னா மரம் தப்பிச்சதா அர்த்தமா?

எள் அளவுதான் இருக்கும், சுமார் 2 மில்லிமீட்டர். ஆனால் இந்த வண்டால் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஆயிரக்கணக்கான மரங்கள் வெட்டப்பட்டுவிட்டன. பெயர், பாலிஃபேகஸ் ஷாட் ஹோல் போரர். தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த இது, 2021 ஆகஸ்டில் ஈஸ்ட் ஃபிரீமாண்டில் பகுதியில் ஒரு வீட்டுத் தோட்டத்து மேப்பிள் மரத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. 2025 ஜூனில், இதை முற்றிலும் ஒழிக்கும் முயற்சி கைவிடப்பட்டது. ஆனாலும் கண்காணிப்பு தொடர்கிறது. ஏன்?

மரம் எப்படிப் பட்டுப்போகுது?

வண்டு மரத்தைத் தின்பதில்லை. துளை போட்டு உள்ளே போய், தன்னோடு கொண்டுவந்த ஃபுசேரியம் பூஞ்சையை வளர்க்கிறது. அதுதான் அதன் சாப்பாடு. அந்தப் பூஞ்சை மரத்துக்குள் பரவி நீரோட்டத்தைத் தடுக்கிறது. முதலில் கிளை காயும். முற்றினால் மரமே போய்விடும்.

பொறி என்ன செய்யும்?

குவெர்சிவோரால் என்ற வேதிப்பொருளின் வாசனை, பறக்கும் பெண் வண்டுகளை இழுக்கும். ஆண் வண்டுக்குப் பறக்க வராது. ஒரே மாதிரி தெரியும் உறவுக்கார இனங்கள் இருப்பதால், சிக்கிய வண்டு எதுவென்று மரபணுச் சோதனையில்தான் உறுதியாகும். இலங்கை, தென்னிந்தியத் தேயிலைச் செடிகளைத் துளைப்பதும் அப்படியொரு நெருங்கிய சொந்தம்தான்.

அப்போ எல்லாத்தையும் பொறி வெச்சே பிடிச்சிடலாமே?

முடியாது. பெண் வண்டு பிறந்த துளைக்குள்ளேயே உடன்பிறந்த ஆணோடு சேர்ந்து, கருவுற்ற பிறகே வெளியே வருகிறது. புதிய கூட்டம் உருவாக ஒரே ஒரு பெண் போதும். பல பெண் வண்டுகள் அதே மரத்தில் தங்கிவிடுவதால் பொறிப் பக்கமே வராது. பொறி ஒரு சிசிடிவி மாதிரி: திருடன் வந்ததைக் காட்டும், தடுக்காது. காலியான பொறியை மட்டும் நம்பி மரத்துக்கு நற்சான்று கொடுக்க முடியாது. அதனால்தான் மரங்களை நேரிலும் பரிசோதிக்கிறார்கள்.

இனி எதுக்குக் கண்காணிப்பு?

பெர்த்துக்குத் தெற்கே அவகாடோ தோட்டங்களும், அரிய தாவரங்கள் நிறைந்த காடுகளும் இருக்கின்றன. இஸ்ரேலில் 2009-லேயே அவகாடோ மரங்களில் இந்த வண்டு தென்பட்டது. தொலைதூரங்களுக்கு இதைக் கொண்டுசேர்ப்பது பெரும்பாலும் மனிதர்கள்தான். விறகு, வெட்டிய கிளைகள் வழியாக. எனவே பெர்த் மாநகரப் பகுதியில் மரக்கழிவுகளை எடுத்துச்செல்லக் கட்டுப்பாடு உண்டு. எல்லைக்கு வெளியே ஒரு பொறியில் வண்டு சிக்கினால், அங்கே உடனே மரங்களைச் சோதிக்க நேரம் கிடைக்கும்.

பொறி இல்லாத தெருக்களில் மக்களின் கண்தான் துணை. பட்டையில் பால்பாயின்ட் பேனா முனை அளவில் துளைகள், காய்ந்த கிளைகள் தெரிந்தால் உடனே தெரிவிக்கச் சொல்கிறது வேளாண் துறை.