தைலத்தைச் சோதித்துப் பார்த்தோமா?

பள்ளி விளையாட்டு விழாவுக்கு மறுநாள் மாணவர்கள் படியேறும் அழகைக் கவனித்திருக்கிறீர்களா? முதல் நாள் கபடிக் களத்தில் பாய்ந்தவர், மறுநாள் சுவரைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறுவார். அன்று மாலை வீட்டில் தைலப் புட்டி வெளியே வரும். எங்கள் வீட்டில் அது நொச்சித் தைலம். நல்லெண்ணெயில் நொச்சி இலைச் சாற்றை ஊற்றி, ஓமமும் பூண்டும் தட்டிப் போட்டு, சிறு தீயில் காய்ச்சி, இறக்கி வடித்து, பிறகு கற்பூரம் சேர்ப்பது வழக்கம். முன்பு பாட்டி காய்ச்சினார். இப்போது அம்மா காய்ச்சுகிறார்.

இத்தகைய தைலங்களைப் பற்றி இரண்டு விதமான பேச்சைக் கேட்கிறேன். "எல்லாம் வெறும் நம்பிக்கை" என்பது ஒன்று. "நம் முன்னோர் அறியாத விஞ்ஞானமா?" என்பது மற்றொன்று. இரண்டையும் சொல்பவர்கள் அடுப்பருகில் நின்றதில்லை என்பது என் எண்ணம். உண்மையில் இங்கே இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. தைலத்தைப் பழுதில்லாமல் செய்வது எப்படி? அது வலியைத் தீர்க்கிறதா? முதல் கேள்விக்குப் பாட்டி மிக நன்றாகவே விடை கண்டிருந்தார். இரண்டாவதை அவரும் சோதிக்கவில்லை, நாமும் சோதிக்கவில்லை.

முதலில் அடுப்படிக்கு வருவோம். அரைக் கிலோ எண்ணெயில் கால் லிட்டர் சாறு. சாற்றில் பெரும்பகுதி நீர்தான். அந்த நீர் உள்ளவரை கலவையின் வெப்பநிலை 100° செல்சியஸை ஒட்டியே நிற்கும். அடுப்பு தரும் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 540 கலோரி வேண்டும். (உங்கள் பாடநூல் ஜூலில் கணக்கிடும். இங்கே கலோரி எளிது.) அப்படியானால் 250 கிராமுக்கு 1,35,000 கலோரி. நிமிடத்துக்கு 5,000 கலோரி பாத்திரத்துக்குள் செல்லும்படி தீ எரிகிறது என்று வைத்துக்கொண்டால், நீர் வற்ற 27 நிமிடம் ஆகும். அதற்குப் பிறகு? எண்ணெயின் தன்வெப்ப ஏற்புத்திறன் நீரினுடையதில் ஏறக்குறைய பாதி. ஆகவே அரைக் கிலோ எண்ணெயை 100° இலிருந்து 200° க்கு உயர்த்த 25,000 கலோரியே போதும். அதே தீயில் ஐந்தே நிமிடம்! ஏறத்தாழ அரைமணி நேரம் அசையாமல் நின்ற வெப்பநிலை, ஐந்து நிமிடத்தில் நூறு பாகை தாவிவிடும். இலைச் சக்கை கருகும், எண்ணெய் புகையும், ஓமத்தின் மணம் கூரை வழியே போய்விடும்.

வெப்பநிலைமானி இல்லாமலே பாட்டி இதைச் சமாளித்தார். முதலில் காதால் கேட்பார். நீர் ஆவியாகும்போது அதன் பருமன் சுமார் 1,600 மடங்கு பெருகுகிறது. எண்ணெய்க்குள் சிக்கிய துளி அப்படி விரிவதுதான் அந்தச் சடசடப்பு. ஓசை தணிந்ததும் கரண்டி நுனியில் சக்கையை எடுத்து, ஆறியபின் விரல்களுக்கிடையே உருட்டுவார். திரிபோல் திரண்டால், அதைத் தீயில் போட்டுப் பார்ப்பார். வெடிக்காமல் எரிந்தால் பதம் வந்துவிட்டது. உடனே இறக்கிவிட வேண்டும். அந்தக் கட்டத்தில் வாசலில் யார் வந்து கூப்பிட்டாலும் நகரமாட்டார். கற்பூரத்தைப் பொடித்து, எண்ணெய் வெதுவெதுப்பான பிறகே சேர்ப்பார். சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகி மறையும் பொருள் அது. ஆவியும் எளிதில் தீப்பற்றும். அதை அடுப்பின்மேல் சேர்ப்பது வீண் மட்டுமல்ல, ஆபத்தும்கூட. இவ்வளவையும் வெறும் நம்பிக்கை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

(காய்ச்சும் வேலையைப் பெரியவர்கள் துணையின்றிச் செய்யாதீர்கள். கற்பூரம் சேர்ந்த தைலத்தைக் கைக்குழந்தைக்குப் பூசவே கூடாது. குழந்தைகள் அதை விழுங்கினால் வலிப்பு வரக்கூடும்.)

இனி இரண்டாவது கேள்வி. மறுநாள் வரும் தசை வலிக்கு லாக்டிக் அமிலம் தேங்குவதே காரணம் என்று பலரும் சொல்வார்கள். அந்த அமிலம் ஓரிரு மணி நேரத்திலேயே குறைந்துவிடுகிறது. பழக்கமில்லாத வேலையால் தசை நார்களில் உண்டாகும் மிக நுண்ணிய சேதமும், அதைச் சீர்செய்ய உடல் எடுக்கும் முயற்சியுமே வலிக்குக் காரணம் என்று இன்று கருதப்படுகிறது. சுமையைத் தாங்கிக்கொண்டே தசை நீளும்போது இந்தச் சேதம் அதிகம். பழனி மலைக்குப் போய்வந்தவர்களின் தொடை வலிக்கு, மூச்சு வாங்க ஏறியதைவிட எளிதாக இறங்கியதே பெரிய காரணம்! இவ்வலி இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்தை அடைந்து, ஒரு வாரத்துக்குள் தானாகவே போய்விடும்.

பொறி இங்கேதான் இருக்கிறது. வலி மிகுந்த இரண்டாம் நாள் தைலம் தேய்க்கிறோம். ஐந்தாம் நாள் வலி இல்லை. புகழ் தைலத்துக்குப் போகிறது. அன்று மிளகு ரசம் குடித்திருந்தாலும் வலி போயிருக்கும். பதம் பார்ப்பதில் பாட்டிக்கு ஓர் ஒப்பீடு இருந்தது. நீருள்ள சக்கை வெடிக்கும், நீரற்றது வெடிக்காது. வலியைப் பொறுத்தவரை அப்படி ஓர் ஒப்பீடு அவருக்குக் கிடைக்கவே இல்லை.

"தேய்த்ததும் சூடு ஏறுகிறதே" என்பீர்கள். மிளகாயின் காரத்தையும் மென்தாலின் குளிர்ச்சியையும் கொண்டு, வெப்பத்தை உணரும் புரதங்களை நரம்பு முனைகளில் கண்டறிந்தவர்கள் டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் பட்டாபூட்டியனும். 2021இல் அவர்களுக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. கற்பூரமும் இத்தகைய புரதங்களைத் தூண்டுகிறது. ஆகவே நாம் உணரும் சூடு வேறு, வெப்பநிலைமானி காட்டும் சூடு வேறு. இதை ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. வலியிலிருந்து கவனம் திரும்புவதும் ஓர் ஆறுதலே. வெறுமனே பிடித்துவிடுவதும் இவ்வலியை ஓரளவு குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அப்படியென்றால் உதவியது கையா, இலையா?

இது வீண் வாதமன்று. என்னிடம் படித்த மாணவர் ஒருவர் மைதானத்தில் விழுந்து, மணிக்கட்டில் பத்து நாள் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். படம் எடுத்தபோது எலும்பு முறிந்திருந்தது. வீக்கம் இருந்தாலோ, காலை ஊன்ற முடியாவிட்டாலோ, எலும்பைத் தொட்டால் வலித்தாலோ தேய்க்கக் கூடாது. மருத்துவரிடம் போக வேண்டும். எதற்கு உதவும் என்று சோதிக்காத பொருளை எல்லாவற்றுக்கும் தேய்க்கிறோம் என்பதே என் குறை.

சோதிப்பது பெரிய காரியமல்ல. ஒரு புட்டியில் கற்பூரம் சேர்க்காத நொச்சித் தைலம். மற்றொன்றில் சாற்றுக்குப் பதில் வெறும் நீர் ஊற்றி, அதே நேரம் காய்ச்சிய நல்லெண்ணெய். அ, ஆ என்று பெயரிட்டவர் பிறகு அந்தப் பக்கமே வரக்கூடாது. மூட்டு வலி இல்லாத முப்பது பேர், ஆளுக்கு ஐம்பது தோப்புக்கரணம். எந்தக் காலுக்கு எந்தப் புட்டி என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள். மணம் காட்டிக்கொடுக்காதபடி அறையில் நொச்சி இலையைக் கசக்கி வையுங்கள். நிறம் தெரியாதபடி கண்ணைக் கட்டுங்கள். தேய்ப்பவருக்கும் விவரம் தெரியக்கூடாது. இரு காலுக்கும் ஒரே எண்ணிக்கையில் தேய்க்க வேண்டும். காலையும் மாலையும் ஒவ்வொரு காலின் வலிக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் இட்டு, ஐந்து நாள் குறித்துவையுங்கள். எண்கள் எப்படி வந்தாலும் அப்படியே எழுதுங்கள்.

இத்திட்டத்தை அம்மாவிடம் சொன்னேன். "வெறும் எண்ணெய் தேய்ச்ச காலுக்கு அப்புறமா நல்ல தைலம் போட்டுவிடு, பாவம் பிள்ளைங்க" என்றார். ஐந்தாம் நாள் கணக்கு முடிந்த பிறகு என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன்.