த்ரீடி படம் காட்டினால் ‘பிம்’ ஆகிவிடுமா? கட்டுமான நிறுவனங்களை எடைபோடுவது எப்படி?

சேத்தூரில் உறவினர் ஒருவர் வீட்டுக்கு மாடி எடுத்தார். கான்ட்ராக்ட் எடுத்த நிறுவனம் செல்போனில் அழகான த்ரீடி வீடியோ அனுப்பியது. திரைச்சீலையின் நிறம்கூட அதில் தெரிந்தது. கான்கிரீட் போட்டு, சென்டரிங் பிரித்த பிறகுதான் பாத்ரூம் கழிவுக் குழாய் இறங்கவேண்டிய இடத்தில் பீம் நிற்பது தெரியவந்தது. “கொஞ்சம் கொத்தி விட்டுருவோம் அண்ணாச்சி, ஒண்ணும் ஆவாது” என்றார் மேஸ்திரி.

நல்லவேளை, அண்ணாச்சி சம்மதிக்கவில்லை. குழாயைச் சுற்றுவழியில் கொண்டுபோனார்கள். பாத்ரூம் தரை அரை அடி உயர்ந்தது, செலவும் உயர்ந்தது. “எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல பாத்துட்டோம்னு சொன்னாங்களே?” என்று அவர் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரை.

‘பிம்’ என்றால் என்ன?

கட்டடத் தகவல் மாதிரியாக்கம் என்பதன் சுருக்கப் பெயர்தான் ‘பிம்’. கம்ப்யூட்டரில் வரைந்த சுவர் வெறும் கோடாக இருந்தால் அது படம். அந்தச் சுவருக்குத் தன் நீளம், கனம், செங்கல் கணக்கு, எந்த நாளில் கட்டவேண்டும், என்ன செலவு ஆகும் என்பதெல்லாம் தெரிந்தால் அது பிம். நாள் கணக்கைச் சேர்த்தால் 4டி, செலவையும் சேர்த்தால் 5டி என்பார்கள். நாக்பூர் மெட்ரோ ரயில் திட்டம் 5டி முறையில் நடந்தது. பிரிட்டன், மத்திய அரசின் கட்டுமானப் பணிகளுக்கு 2016 முதல் பிம் இரண்டாம் நிலையைக் கட்டாயமாக்கியது.

நிலைகள் எப்படிப் பிரிக்கப்படுகின்றன?

பிரிட்டனில் உருவான பகுப்பு எளிமையானது. காகிதமும் 2டி வரைபடமும் மட்டும் என்றால் பூஜ்ஜியம். 2டியும் த்ரீடியும் கலந்திருந்தாலும் அவரவர் கோப்பு அவரவரிடமே இருந்தால் முதல் நிலை. ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர், பிளம்பிங், எலக்ட்ரிக்கல் என ஒவ்வொருவரும் தனி மாடல் செய்து, பொது வடிவத்தில் பகிர்ந்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் இரண்டாம் நிலை. எல்லோரும் ஒரே மாடலில் வேலை செய்வது மூன்றாம் நிலை.

ஆஸ்திரேலிய ஆய்வாளர் பிலால் சக்கார் இன்னும் ஒரு படி மேலே போனார். மென்பொருளை மட்டும் பார்க்காமல் வேலைமுறை, ஒப்பந்த விதிகள் ஆகியவற்றையும் சேர்த்து ஐந்து படிகளாக முதிர்ச்சியை அளக்கச் சொன்னார். என் கருத்தும் அதுதான். விலையுயர்ந்த மென்பொருள் வைத்திருப்பது திறமைக்குச் சான்று ஆகாது. தையல் மெஷின் வாங்கியவரெல்லாம் தையல்காரர் ஆகிவிடுவதில்லையே!

என்ன கேட்கவேண்டும்?

ஒரு நிறுவனம் “நாங்க பிம்ல பண்றோம்” என்றால், இந்த ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. குழாயும் பீமும் எங்கே மோதுகின்றன என்று கட்டுவதற்கு முன்பே பார்த்தீர்களா? அந்தப் பட்டியலைக் காட்ட முடியுமா?
2. கம்பி, கான்கிரீட் அளவு மாடலிலிருந்து வருகிறதா, தனியாக எக்ஸலில் போடுகிறீர்களா?
3. சைட்டில் ஜன்னல் இடம் மாறினால் மாடலிலும் மாறுமா? யார் மாற்றுவார்?
4. பிளம்பர், எலக்ட்ரீஷியன், கம்பி கட்டுபவர் கைக்கு அது போய்ச் சேருகிறதா?
5. சாவி கொடுக்கும்போது, உண்மையில் கட்டியபடி திருத்திய மாடலோ வரைபடமோ எனக்குக் கிடைக்குமா?

இவற்றில் மூன்றாவதும் நான்காவதும்தான் முக்கியம். பல இடங்களில் மாடல் ஆபீஸில் குளுகுளு அறையில் இருக்கும். சைட்டில் மேஸ்திரி கையில் இருப்பதோ மடித்துக் கிழிந்த பிரிண்ட். அந்த இரண்டுக்கும் இடையிலான தூரமே ஒரு நிறுவனத்தின் உண்மையான மதிப்பெண்.

சின்ன நிறுவனங்களுக்கு இது கட்டுப்படியாகுமா?

நியாயமான கேள்வி. நான்கு பேரை வைத்துத் தொழில் செய்பவரிடம் மெட்ரோ ரயில் தரத்தை எதிர்பார்ப்பது அநியாயம். ஆனால் ‘ஃப்ரீகேட்’ போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. ‘ஐஎஃப்சி’ என்ற பொது வடிவம் 2013-லேயே ஐஎஸ்ஓ தரமாகிவிட்டது. இரண்டு மாடி வீட்டுக்கு மோதல் சோதனையும் கட்டியபடி வரைபடமும் இருந்தாலே போதும். அதற்கேற்ற சின்ன அளவுகோலை அரசும் பொறியாளர் சங்கங்களும் சேர்ந்து உருவாக்க வேண்டும். பாலிடெக்னிக் பாடத்திலும் அது இடம்பெற வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் அவசியம். பிம் மதிப்பெண் பாதுகாப்புச் சான்றிதழ் அல்ல. 2014 ஜூன் 28-ல் சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் உயிரிழந்தனர். அப்படிப்பட்ட விபத்தை மாடல் மட்டுமே தடுத்துவிடாது. தப்பான கணக்கைக் கம்ப்யூட்டரில் போட்டால், தப்பு இன்னும் அழகாகத் தெரியும், அவ்வளவுதான். மண் பரிசோதனையும் ஸ்ட்ரக்சுரல் கணக்கும் தனியாகச் சரிபார்க்கப்பட வேண்டும்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று மூலம் உடனடி அனுமதி பெறும் வசதியைத் தமிழக அரசு 2024 ஜூலையில் கொண்டுவந்தது. அலைச்சல் குறைந்தது, நல்லது. ஆனால் கேள்வி கேட்கும் பொறுப்பு இப்போது வீடு கட்டுபவர் தலையில்தான் கூடியிருக்கிறது.

ஆகவே, அடுத்த முறை யாராவது த்ரீடி வீடியோ காட்டினால் ரசியுங்கள். பிறகு, “சரி தம்பி, பாத்ரூம் பைப்பு எந்த வழியா இறங்குது?” என்று கேளுங்கள். பதில் உடனே வந்தால் அட்வான்ஸ் கொடுக்கலாம்.